சாளைக்காட்டுப்பாளையத்தில் பல் வளர்ந்த ஆறு மாதம்

சாளைக்காட்டுப்பாளையத்தில் ஆடி இரண்டாம் வெள்ளிக்கிழமை விடிந்ததும் ஊர்ச்சனம் அத்தனை பேருக்கும் பல் வளரத் தொடங்கியபோது, பல் வளர்வதைப் பற்றி ஏதோ கொஞ்சம் தெரிந்தவர் என்று அந்த ஊரில் இருந்தவர் தறி ரிப்பேர் பார்க்கிற பிட்டர் நாச்சிமுத்து ஒருவர்தான். அவருக்கும் மனுசப் பல்லைப் பற்றித் தெரியாது, மொட்டைமாடியில் தகரக்கூரைக்குக் கீழே அவர் வளர்த்துவந்த பதினோரு சீமை எலிகளின் பல்லைப் பற்றித்தான் தெரியும்.

அந்த எலிகள் அவர் ஆசைப்பட்டு வாங்கியவை அல்ல. மகள் கீர்த்தனா ஈரோட்டில் படித்த காலத்தில் யாரோ தோழி கொடுத்தாள் என்று ஒரு ஜோடியை அட்டைப்பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தாள். அவள் அவற்றை கினி பிக் என்றாள், ஊர் பார்த்துவிட்டுச் சீமை எலி என்றது. கல்யாணமாகித் தாராபுரம் போனபோது புருசன் வீட்டில் நாய் இருக்கிறது என்று இங்கேயே விட்டுப்போனாள். வாலில்லாமல், பூவிதழ் மாதிரிக் காதோடு, கீரைக்கட்டு பிரிக்கிற சத்தம் கேட்டாலே விசிலடிக்கிற அந்தப் பிராணிகள்மேல், முப்பது வருசம் தறிச்சத்தத்துக்குள் நின்று நின்று எந்தச் சத்தத்தையும் காதில் போடாமலிருக்கப் பழகிவிட்ட நாச்சிமுத்துவுக்கு எப்படியோ பிரியம் வந்துவிட்டது.

மூன்று வருசத்துக்கு முன்னால் அவற்றில் சீனி என்கிற வெள்ளைப் பெட்டைக்கு முன்பல் நீண்டு கீழுதட்டில் குத்தியது. நாச்சிமுத்து நகவெட்டியால் நறுக்கிவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்தார். முடியவில்லை. சீனி தட்டத்துக்கு ஆசையாக ஓடிவந்தாள், கொய்யாத்துண்டை வாயில் எடுத்தாள், கீழே போட்டாள், மறுபடி எடுத்தாள், மறுபடி போட்டாள். தாடை எப்போதும் நனைந்தே இருந்தது; தண்ணீர் குடித்திருப்பாள் என்று அவர் நினைத்தார். ஒன்பதாம் நாள் கம்பிக்கூடையில் வைத்து டவுனில் இருக்கும் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கே செல்வநாயகி என்கிற டாக்டரம்மா சின்ன விளக்கு ஒன்றை அதன் வாய்க்குள் காட்டி அவரைக் குனிந்து பார்க்கச் சொன்னார். இரண்டு பக்கத்துக் கீழ்க்கடவாய்ப்பல்லும் உள்பக்கமாகச் சாய்ந்து வளர்ந்து நடுவில் ஒன்றோடொன்று முட்டி நாக்குக்கு மேலே பாலம் போட்டிருந்தன. நாக்கு அந்தப் பாலத்துக்கு அடியில் அசைய முடியாமல் கிடந்தது.

"முன்பல்லு வெளிய தெரியுது, அதனால அதப் பாத்தீங்க. வியாதி கடவாயில இருக்குதுங்க. நகவெட்டி போட்டு நறுக்கினா பல்லு வேரு வரைக்கும் பொளந்துக்கும். வாராவாரம் எடை போட்டுப் பாருங்க. எடைதான் மொதல்ல சொல்லும், வாய் கடைசியாத்தான் சொல்லும்" என்றார் டாக்டரம்மா.

சீனி அன்றைக்குச் சாயங்காலமே செத்துப்போனாள். அதிலிருந்து நாச்சிமுத்து ஞாயிறு தவறாமல் ஒவ்வோர் எலியையும் சமையலறைத் தராசில் நிறுத்தி எடை போட்டார். தாடை நனைந்திருக்கிறதா, கெட்டியானதைத் தள்ளிவிட்டு மெத்தென்றிருப்பதை மட்டும் பொறுக்குகிறதா, ஒரே பக்கமாக மெல்லுகிறதா என்று பார்த்தார். பல் தேயவேண்டும் என்று நாளெல்லாம் கொழுக்கட்டைப்புல்லும் காய்ந்த சோளத்தட்டும் போட்டார். ஊர் அவரை எலிக்காரன் என்றது. அவர் அதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஊருக்குப் பல் வளர்ந்த முதல் வாரத்தில் யாரும் யாரிடமும் சொல்லவில்லை, அவரவர் தனக்கு மட்டும்தான் என்று நினைத்துக் கையால் வாயை மூடிக்கொண்டு திரிந்தார்கள். இரண்டாம் வாரத்தில் பேச்சு குழறியது. வாரத்துக்கு அரை அரிசி நீளம் வளர்ந்தால் மறைத்து மாளாது. மூன்றாம் வாரத்தில் பஸ் கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே ரொம்ப சாதாரணமாக, உங்களுக்கு எவ்வளவுங்க என்று கேட்க, பஸ்ஸில் இருந்த எல்லாரும் உதட்டைத் தூக்கிக் காட்டினார்கள். வெளியூர் டாக்டர்கள் வேனில் வந்து ரத்தம் எடுத்து, போட்டோ எடுத்து, பதில் வரும் என்று சொல்லிப் போனார்கள். ஊர் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. விசைத்தறி ஒரு நாள் நின்றால் அதில் ஏற்றின பாவு நூல் என்னாவது என்கிற கவலை அதற்கு இருந்தது.

சவரக்கடைச் சின்னுசாமி கண்ணாடிக்குப் பக்கத்தில் முடி, தாடி, பல் என்று பலகையில் எழுதி வைத்தார். பள்ளிக்கூடத்தில் காலைக் கூட்டத்துக்குப் பிறகு பிள்ளைகள் வரிசையாக நின்று தேங்காய்ச் சிரட்டையைக் கடித்தார்கள், கடிக்காத பிள்ளையை வாத்தியார் வெளியே நிற்கவைத்தார். மாகாளியம்மன் கோவிலில் பொங்கலை நிறுத்திவிட்டுக் கரும்புத்துண்டு கொடுத்தார்கள். ஓட்டலில் இலை போட்டதும் தண்ணீர் தெளிக்கிறதுக்கு முந்தி ஒரு கைப்பிடி அருகம்புல் வைத்தார்கள். பொண்ணு பார்க்கப் போனவர்கள் ஜாதகத்தோடு முன்பல் போட்டோவும் கேட்டார்கள், அதனால் வயசுப்பெண்கள் மத்தியானமெல்லாம் அரம் பிடித்து உட்கார்ந்து முன்பல்லை மல்லிகைமொட்டு மாதிரி தேய்த்து வைத்துக்கொண்டார்கள். தறிக்குடோனில் ஊடை நூலை இழுத்துக்கொண்டு நாடா ஓடும் சத்தத்துக்கு அடியில், கோரைப்புல்லை மென்றுகொண்டு நிற்கிற ஆட்களின் பல் அரைபடும் சத்தம், காது பழகினவர்களுக்குத் தனியாகக் கேட்டது. பழைய அரம், புது அரம், நகவெட்டி என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் வாயில் வைத்துப் பார்த்து, பல் பொளந்து தாடை வீங்கிப்போன நாலைந்து பேர்தான் முதலில் நாச்சிமுத்துவின் வாசலுக்கு வந்தார்கள்.

அவர் டாக்டரம்மா சொன்னதைச் சொன்னார். முன்பல்லை யார் வேண்டுமானாலும் தேய்த்துக்கொள்ளலாம், அது அழகுக்கு; ஆளைக் கொல்கிறது உள்ளே இருக்கிற பல் என்றார். ஊர் தலையாட்டிவிட்டுப் போய் முன்பல்லையே தேய்த்தது. ஆவணியில் ஒரு நாள் சாயப்பட்டறைச் சென்னியப்பன் வீட்டுக்காரி, புருசன் பார்க்க நல்லாத்தான் இருக்கிறார், ஆனால் பத்து நாளாகப் புளிச்சதண்ணி தவிர எதுவும் இறங்கமாட்டேன் என்கிறது என்று வந்து நின்றபோது, நாச்சிமுத்து சென்னியப்பனை நூல் மூட்டை போடுகிற மேடைத் தராசில் ஏற்றி நிறுத்தினார். போன மாசம் அவர் அதில் விளையாட்டுக்கு ஏறிப் பார்த்ததற்கு ஆறு கிலோ குறைவு. மூங்கில் ஆப்பு ஒன்றால் வாயைத் திறந்துவைத்து, தறிக்கம்பியை வளைத்துத் தானே செய்த கரண்டிக்காம்பு நீள அரத்தை உள்ளே விட்டு, நாக்குக்குக் குறுக்கே எழும்பியிருந்த பல்லை ஒன்றரை மணி நேரம் தேய்த்துத் தேய்த்துப் பாலத்தை அறுத்தார். சென்னியப்பன் ரத்தம் துப்பிவிட்டு, நாலு இட்லி கேட்டார்.

அதற்குப் பிறகுதான் ஊர் நம்பியது. ஞாயிற்றுக்கிழமை என்றால் நாச்சிமுத்துவின் வாசலில் மேடைத் தராசு, தராசுக்கு முன்னால் கோவில் வரிசை மாதிரி சனம். எலிக்காரன் என்று சொன்ன வாய்களே வந்து, அண்ணா, மாமா, சித்தப்பா என்று முறைவைத்துக் கூப்பிட்டுத் தங்களைத் திறந்து காட்டின. எடை குறைந்தவர்களைத் தனியாக உட்காரவைத்து வாய் பார்ப்பார். தாடையைத் தடவிப்பார்ப்பார். ஒரு விள்ளல் கடலைமிட்டாயைக் கொடுத்து எந்தப் பக்கம் மெல்லுகிறார்கள் என்று பார்ப்பார். குடோன் முதலாளிகள்கூட, மற்ற நாளில் அவரை டேய் என்று கூப்பிடுகிறவர்கள், வாயைத் திறந்தபடி அண்ணாந்து பேச்சில்லாமல் அவர் கைக்குள் இருந்தார்கள். அவருக்கு ஐம்பது வயதாகியிருந்தது, இத்தனை பேர் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருப்பது என்பது எப்படியிருக்கும் என்று அவருக்கு அதுவரை தெரியாது. தெரிந்த பிறகு ஞாயிறு போதவில்லை, புதனும் வைத்தார், வெள்ளியும் வைத்தார்.

பக்கத்தில் நோட்டுப் போட்டு ஒவ்வொருத்தர் பேரையும் எடையையும் எழுதியது அவர் சம்சாரம் சாந்தாமணி. வரிசையைச் சரி பண்ணியது, ஆப்பை வெந்நீரில் கழுவியது, அழுகிற குழந்தையை மடியில் பிடித்தது, வந்தவர்களுக்கு டீ வைத்தது எல்லாம் அவள்தான். அவள் பேச்சுக்காரி. கல்யாணமான நாளிலிருந்து அடுப்படியிலிருந்து கொல்லைக்கும் கொல்லையிலிருந்து வாசலுக்கும் பேசிக்கொண்டே நடக்கிறவள், தக்காளி விலையில் தொடங்கித் தாராபுரத்து மாமியார் வரைக்கும் ஒரே மூச்சில் சொல்லிமுடிப்பவள். நாச்சிமுத்து ம் என்பார். ம் என்கிறபோது அவர் கேட்டுக்கொண்டிருக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும், ஆனாலும் ம் என்பதாவது இருந்தது.

புரட்டாசியில் ஒரு புதன்கிழமை, வரிசை தெருமுனை வரைக்கும் நின்றபோது, நோட்டை மடியில் வைத்துக்கொண்டு அவள் அவர் பக்கம் குனிந்து, "என்னுங்க, எனக்குக் கடவாப்பல்லு நாக்குல உரசற மாதிரி இருக்குதுங்க, சித்தப் பாருங்க" என்றாள்.

"இரு சாந்தா, கூட்டம் போகட்டும்" என்றார்.

கூட்டம் பொழுது சாய்ந்துதான் போனது. அவருக்குக் கை விட்டுப்போயிருந்தது, சாப்பிட்டுப் படுத்துவிட்டார்.

ஐப்பசியில் அவள் மறுபடி கேட்டாள். அப்போது பேச்சு பாதி காற்றாகத்தான் வந்தது, அதனால் விரலை வாய்க்குள் வைத்துக் காட்டினாள். வெள்ளக்கோவிலிலிருந்து ஒரு குடும்பம் கார் வைத்துக்கொண்டு வந்து காத்திருந்தது. வெளியூர்க்காரர்கள் முன்னால் வைத்து இதென்ன என்பதுபோல அவர் அவள் கையை மெதுவாகக் கீழே இறக்கிவிட்டு, அடுத்த பேரை எழுது என்றார். அவள் எழுதினாள்.

மூன்றாம் தடவை அவள் கேட்கவில்லை. கேட்க நாக்கு எழவில்லை.

வீடு அமைதியாகிவிட்டதை நாச்சிமுத்து கவனித்தார், ஆனால் அதை வேறு மாதிரி கவனித்தார். ஊர் ஞாயம், ஊர் வம்பு எதுவும் இல்லாமல் வீடு இப்போது ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது என்று நினைத்தார். வந்தவர்களும் அதையே சொன்னார்கள். நாச்சிமுத்து ஊட்டுக்காரி என்ன பொறுமை, ஒரு வார்த்தை அதிர்ந்து பேசுவதில்லை, அவளும் முந்தி என்ன வாய் பேசினவள், இப்போது பாருங்க என்று பொம்பளைகள் தங்கள் மருமகள்களுக்கு எடுத்துக்காட்டினார்கள். அவள் இளைத்ததை வேலை என்றார்கள். முந்தானை எப்போதும் தாடைக்குக் கீழே இருந்ததைக் கூச்சம் என்றார்கள். தோசையை விட்டுவிட்டு மோரில் கரைத்த சோற்றைக் குடிக்கிறாளே என்று பக்கத்துவீட்டு மயிலாத்தாள் ஒருத்திதான் கேட்டாள். சாந்தாமணி பாத்திரத்தைக் கழுவப் போனாள்.

மார்கழி மூன்றாம் ஞாயிறு, மத்தியானம் இரண்டு மணி இருக்கும், கூட்டம் கலைந்துவிட்டிருந்தது. யாரோ பிள்ளைக்காரி நன்றிக்குக் கொண்டுவந்து வைத்துப்போன, பருப்பும் வெல்லமும் வைத்துத் தட்டின ஒப்புட்டு ஒரு தட்டத்தில் இருந்தது. நாச்சிமுத்து எலிகளுக்குச் சோளத்தட்டு எடுத்துப்போகப் படியில் கால் வைத்தவர் ஏதோ நினைப்பில் திரும்பிப் பார்த்தார். சாந்தாமணி தட்டத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஒப்புட்டில் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் வைத்தாள். எடுத்துத் தட்டத்திலேயே போட்டாள். வேறு துண்டு பிய்த்தாள், வாயில் வைத்தாள், கண்ணை மூடிக்கொண்டு கொஞ்சம் முயன்றாள், அதையும் எடுத்துப் போட்டாள். அப்புறம் முந்தானையால் தாடையைத் துடைத்தாள். மறுபடி பிய்த்தாள்.

நாச்சிமுத்து தட்டுக்கட்டைப் படியிலேயே போட்டுவிட்டு வந்தார். இதை அவர் சீனியிடம் ஒன்பது நாள் பார்த்திருக்கிறார்.

கையைப் பிடித்து எழுப்பித் தராசில் நிறுத்தினார். அவள் வந்து நின்றாள். முப்பத்திநாலு கிலோ. முந்தி எவ்வளவு இருந்தாள் என்று பார்க்க நோட்டை எடுத்துப் புரட்டினார், பின்னாலிருந்து முன்னால், முன்னாலிருந்து பின்னால். ஊரில் ஆயிரத்து நானூறு பேர் இருந்தார்கள், வெள்ளக்கோவில்காரர்கள் இருந்தார்கள், யாரென்றே தெரியாத பேர்கள் இருந்தன, அவர் பேரே பதினெட்டு இடத்தில் இருந்தது. எல்லாம் அவள் கையெழுத்து. அவள் பேர் இல்லை. அவளை யாரும் ஏறி நிற்கச் சொல்லவில்லை, எழுதிக்கொண்டிருந்தவளுக்கு எழுந்து நிற்க நேரமும் இருக்கவில்லை.

வாயைத் திற சாந்தா என்றார். அவள் திறந்தாள். ஒரு விரல் போகிற அளவுக்குத்தான் திறந்தது. அதற்குள்ளே எட்டிப் பார்த்தார். சென்னியப்பனுக்கு இருந்தது பாலம் என்றால் இதைத் தளம் என்றுதான் சொல்லவேண்டும். முன்பல் எல்லாரும் மெச்சும்படி வழுவழுவென்று அளவாக இருக்க, அதற்குப் பின்னால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வளர்ந்த பற்கள் கோத்துக்கொண்டு முழுசாக மூடியிருந்தன. நாக்கு கண்ணுக்கே தெரியவில்லை.

அரம் எடுத்து வரேன், அப்படியே இரு என்று உள்ளே ஓடினார். அரத்தையும் ஆப்பையும் வெந்நீரையும் எடுத்துக்கொண்டு அவர் திரும்பி வந்தபோது சாந்தாமணி தராசிலிருந்து இறங்கியிருந்தாள். வாய் மூடியிருந்தது. செருப்பு போட்டிருந்தாள். மயிலாத்தாள் வீட்டு வாசலில் நின்று, மயிலாத்தாளின் தோளைப் பிடித்துக்கொண்டு, பஸ் வரும் பக்கமாகக் கையைக் காட்டிக்கொண்டிருந்தாள். அவர் அரத்தை நீட்டிக்கொண்டு நான் செய்கிறேன், ஒன்றரை மணி நேரம்தான் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவள் அவர் கையில் இருந்ததைப் பார்த்தாள், தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள், மயிலாத்தாளோடு பஸ் ஏறிவிட்டாள்.

அவர் வண்டியில் பின்னாலேயே போனார். கால்நடை ஆஸ்பத்திரியில் ஞாயிற்றுக்கிழமை கூட்டமில்லை, ஓர் எருமை மட்டும் நின்றிருந்தது. ஆளுக்கு வைத்தியம் பார்க்கக் கூடாதுங்க என்று சொல்ல வாயெடுத்த டாக்டரம்மா, சாந்தாமணியின் தாடையைப் பார்த்ததும் மற்றதைச் சொல்லாமல் கையைக் கழுவினார். சின்ன மோட்டாரில் ஓடுகிற உளியால் அறுத்தறுத்து, பஞ்சு பஞ்சாக எடுத்து, இருட்டுகிற வரைக்கும் ஆனது. முடிந்ததும் வெளியே வந்தவர் வாசலில் நின்ற நாச்சிமுத்துவை அடையாளம் கண்டுகொண்டார்.

"இது ஒரு வாரத்துல வளந்ததில்லீங்க. மூணு மாசமாவது இருக்கும். ஊட்டுல ஆரும் பாக்கலீங்களா" என்று கேட்டார்.

மயிலாத்தாள் நாச்சிமுத்துவின் முகத்தைப் பார்த்தாள். அவர் எருமையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சாந்தாமணி பிழைத்துக்கொண்டாள். முதல் வாரம் கேப்பைக்கூழை மயிலாத்தாள் ஊசிபோடுகிற குழாயில் எடுத்துக் கடவாயோரமாக விட்டாள், அடுத்த வாரம் குழைந்த சோறு, அதற்கடுத்த வாரம் இட்லி. நாக்கு மூன்று மாசம் அடைந்து கிடந்ததில் எழுத்துகளை மறந்திருந்தது; குழந்தை மாதிரி ப, ம என்று தொடங்கி, ல வந்து, கடைசியாக ர வந்தது. ர வந்த அன்றைக்கு அவள் தாராபுரத்துக்குப் போன் பண்ணி மகளிடம் ஒரு மணி நேரம் பேசினாள். கீரைக்காரியிடம் பேசினாள், கண்டக்டரிடம் பேசினாள், மொட்டைமாடிக்கு ஏறி எலிகளிடம் ஒவ்வொன்றாகப் பேர் சொல்லிப் பேசினாள். நாச்சிமுத்துவிடம் தண்ணி காய்ஞ்சிருச்சுங்க என்றாள், கரண்ட் பில் வந்திருக்குதுங்க என்றாள். ஞாயிற்றுக்கிழமை நோட்டு எழுத உட்காரவில்லை. தன் வாயைக் காட்டவேண்டியிருந்தால் சவரக்கடைச் சின்னுசாமி சம்சாரத்திடம் போய்க் காட்டிக்கொண்டாள்.

தை கடைசி வெள்ளிக்கிழமை எல்லாருக்கும் பல் வளர்வது நின்றுவிட்டது. யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை. ஓட்டலில் அருகம்புல்லை எடுத்துவிட்டார்கள், சின்னுசாமி பலகையில் பல்லை மட்டும் அழித்தார். மாசியில், ஊர் நாச்சிமுத்துவுக்குச் சமுதாயக்கூடத்தில் பாராட்டு வைத்தது. பஞ்சாயத்துத் தலைவர் பேசினார். இத்தனை பெரிய சோதனையில் நம்ம ஊரில் ஓர் உயிர்கூடப் போகவில்லை, அதற்கு ஒரே காரணம் வாய் திறக்காத சீவனின் வலியைக்கூடக் கண்டுபிடிக்கிற இந்த மனுசனின் கண் என்றார். சென்னியப்பன் பொன்னாடை போர்த்தினார். பொம்பளைகள் பக்கத்தில் மூன்றாம் வரிசையில் சாந்தாமணி உட்கார்ந்திருந்தாள்.

மைக்கை அவர் கையில் கொடுத்தார்கள். சொல்லவேண்டியதை நாச்சிமுத்து காலையிலிருந்து மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தார்: உள்ளே இருக்கிற பல்லைப் பாருங்கள் என்று உங்களுக்கெல்லாம் சொன்ன நான், என் வீட்டிலே பார்க்கவில்லை, இரண்டு தடவை கேட்டும் பார்க்கவில்லை என்று. சாந்தாமணி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவர் வாயைத் திறந்தார். முன்வரிசையில் குடோன் முதலாளிகள் அண்ணாந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் எல்லாருக்கும் நன்றி சொன்னார், மாகாளியம்மனுக்கு நன்றி சொன்னார், இது நான் செய்ததில்லை, ஊர் ஒத்துழைப்பு என்றார். நல்ல கைதட்டு விழுந்தது. கைதட்டு அடங்கும்போது மூன்றாம் வரிசையில் நாற்காலி காலியாக இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது உள்ளே அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது. யாருடைய சம்பந்திக்கோ யாரோ பண்டிகைக்கு என்ன வாங்கிக் கொடுத்தார்கள் என்கிற கதை. கதவருகே கொஞ்ச நேரம் நின்று கேட்டார். அவ்வளவு நாள் கழித்து முதல்தடவையாகக் கேட்டார், சுவாரசியமாகத்தான் இருந்தது. உள்ளே கால் வைத்தார்.

அப்பா வந்துட்டாங்க கண்ணு, வெச்சர்றேன் என்று போனை வைத்தாள். இலை போட்டாள். சோறு வைத்தாள், பருப்பு ஊற்றினாள், அப்பளம் வைத்தாள். நாச்சிமுத்து பொன்னாடையைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார். திட்டவாவது செய் சாந்தா, அன்றைக்குச் சொல்ல வந்ததை இப்போதாவது சொல், நான் கேட்கிறேன் என்றார்.

அவள் கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தாள்.

"அன்னிக்குச் சொல்ல வந்தது அன்னிக்கே ஆறிப்போச்சுங்க. சாப்பிடுங்க" என்றாள்.

சொல்லிவிட்டு மயிலாத்தாள் வீட்டுக்குப் போனாள். நாச்சிமுத்து அப்பளத்தைக் கடித்தார். அதைத் தவிர அந்த வீட்டில் வேறு சத்தமில்லை.